டிக்கெட் கேட்ட கை

அவர் யாரிடமும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எதிரே போய் நிற்பார். வலது கையை நீட்டுவார். உள்ளங்கை மேலே பார்த்திருக்கும், விரல்கள் லேசாக மடங்கியிருக்கும். "காட்டுங்க" என்பார். அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் சட்டைப்பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவார். முப்பது வருடம் மும்பை லோக்கல் ரயிலில் டிக்கெட் பரிசோதித்த கை அது. ஓய்வு பெற்றதும் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கையை என்ன செய்ய முடியும்?

ஆண்டாப் ஹில்லிலும் தாராவியிலும் அவரை எல்லோரும், டிக்கெட் கலெக்டர் என்பதைச் சுருக்கி, டிசி அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஒருநாள் காலை மாட்டுங்காவில் ஒரு காபி ஓட்டல் வாசலில் நடந்தது இது. நடைப்பயிற்சி முடித்த ஒருவர் நின்றபடியே காபி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி போய்க் கையை நீட்டினார். அந்த மனிதர் டம்ளரை வைத்துவிட்டு, பதறிப்போய் பர்ஸிலிருந்து சீசன் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சரியா இருக்கு. முடிய இன்னும் பன்னெண்டு நாள் கெடக்கு," என்று திருப்பிக் கொடுத்தார். "இப்ப சொல்லுங்க, எங்க தோட்டத்துக்கு என்ன தருதீய?"

தான் நிற்பது ரயிலும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல வேளை, சிரித்துவிட்டார். துணிக்கடை வைத்திருப்பவராம். அந்த வாரமே எங்கள் நாற்றுகளுக்கு வெயில் மறைக்க இரண்டு கட்டுத் துணி வந்து இறங்கியது.

எங்கள் தோட்டம் என்று நான் சொல்வது, செம்பூரிலிருந்து தேவ்நார் போகிற வழியில் இருக்கும் ஒரு சின்னத் தாவரவியல் பூங்காவை. பழைய பணக்காரக் குடும்பம் ஒன்று நிலத்தை அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டது. நிலத்தைக் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்ற ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. நான் அங்கே செடிகளுக்குப் பொறுப்பு. தாராவியில் பிறந்து, அங்கிருந்தே கல்லூரிக்குப் போய்த் தாவரவியல் படித்தவள். பசித்தாலும் பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கக் கூடாது என்று எங்கள் அம்மா எங்களை வளர்த்தாள். அதனால் கேட்பது என்றாலே எனக்கு நாக்கு எழாது. கடிதம் எழுதுவேன். கம்பெனிகளுக்கும் பெரிய மனிதர்களுக்கும் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஒருவரும் பதில் போட மாட்டார்கள்.

இந்த ஊரில் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எல்லோருக்கும் போட்டோவில் விழுகிற பொருளைத்தான் கொடுக்கப் பிடிக்கும். நீரூற்று என்றால் வருவார்கள். பளிங்கு பெஞ்சு என்றால் வருவார்கள், முதுகில் பெயர் பொறிக்கலாமே. மலைக்காட்டில் சில ஓடைக்கரைகளில் மட்டும் மிஞ்சியிருக்கிற ஒரு மரத்தின் விதையை முளைக்க வைக்க வேண்டும், அதற்கு மண்ணும் நிழலும் இரண்டு ஆளும் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கொட்டாவி விடுவார்கள். எனக்கு அப்படியே எரியும்.

அண்ணாச்சி முதலில் வெறுமனே நடக்கத்தான் தோட்டத்துக்கு வந்தார். நான் புங்க மரத்தடியில் உட்கார்ந்து கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே எடுத்து வாசித்தார்.

"எம்மா, இதுல யாருகிட்ட என்ன கேக்கீயன்னே தெரியலையே."

"உதவி கேக்கறேன்."

"உதவின்னா? அது என்ன பொருளு? கையில பிடிக்க முடியுமா? ஒரு ஆளுகிட்ட ஒண்ணுதான் கேக்கணும். அது அவங்கிட்ட இருக்கணும். காசைக் கேட்டா யோசிப்பான். கையில கெடக்கதைக் கேட்டா குடுப்பான்."

மறுநாள் ஒரு டெம்போவில் பிளாஸ்டிக் டிரம்களோடு வந்து நின்றார். தாராவியில் பிளாஸ்டிக் உடைக்கிற பட்டறைக்காரர்களிடம் நீட்டிய கைக்குக் கிடைத்தவை. உள்ளே என்ன இருந்ததோ தெரியாது, இவற்றில் செடி வைக்க முடியாது என்று சத்தம் போட்டேன். அவர் மூன்று நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனையையும் தேய்த்துக் கழுவினார். குறுக்கே பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு அடுக்கினார். அந்த வருடம் எங்கள் நாற்றுகள் முழுக்க நீல டிரம்மில்தான் நின்றன. மெத்தைக் கடையிலிருந்து தென்னை நார் வந்தது. டீக்கடைகளிலிருந்து கொதித்த தேயிலை வந்தது. மாட்டுங்கா பூக்கடைகளில் விற்காத பூ எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து மக்கியது. நான் வருடக்கணக்காக எழுதிய கடிதங்களையெல்லாம் அந்தக் குப்பையோடு போட்டிருந்தால் அவையும் உரமாகியிருக்கும்.

இவ்வளவு கேட்கத் தெரிந்தவருக்கு ஒன்று மட்டும் வராது. வேண்டாம் என்று சொல்ல வராது.

யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். காட்கோபரில் ஒரு ஓட்டலை மூடினார்கள். அதன் வாசலில் நின்ற சிமெண்டு ஒட்டகச்சிவிங்கியைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கழுத்து உயரத்தால் பாலத்தடியில் வண்டி மாட்டிக்கொண்டு பாதி நாள் கழிந்தது. அது இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. அறுபது ரோஜாச் செடி வந்தது, எல்லாவற்றிலும் மாவுப்பூச்சி. நடுவில் உடைந்த ஊஞ்சல் வந்தது. தாவரவியல் பூங்காவில் ஊஞ்சல் எதற்கு அண்ணாச்சி என்றால், "ஆசையா குடுக்கான். எப்படிம்மா வேண்டாம்ங்க?" என்பார். குரல் உண்மையாகவே கெஞ்சும். எனக்குக் கோபமும் வரும், அந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும்.

அப்படி இருக்கும்போதுதான் மரங்களைத் தத்துக் கொடுக்கலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தார். இறந்தவர்கள் நினைவாக ஒரு குடும்பம் ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மரத்துக்கும் அதைச் சுற்றி இருப்பவற்றுக்கும் ஆகிற செலவு அவர்களுடையது. திதிக்கு அன்னதானம் செய்கிறவர்கள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகட்டுமே என்றார். நல்ல யோசனைதான் என்று நானும் தலையாட்டினேன். பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்களிடம் காட்டு ஜாதிக்காய் மரம் மூன்று இருந்தது. ஓடைச் சதுப்பில் வளர்கிற மரம், காட்டில் அருகிக்கொண்டே போகிறது. இந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. எங்களிடம் இருந்தவற்றில் இரண்டு ஆண், ஒன்று பெண். பெண் மரம் மட்டும்தான் காய்க்கும். இதன் விதையை டப்பாவில் போட்டு வைத்து நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. காய்ந்தால் செத்தது. பழம் வெடித்த கையோடு மண்ணில் போட வேண்டும். மரம் உயிரோடு நின்றால்தான் விதை. கொங்கண் பக்கம் ஒரு ஓடைக்காட்டை மீட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களிடம் நாற்று கேட்டிருந்தார்கள். நான் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு பெண் மரத்தை நம்பித்தான் கொடுத்தேன்.

அண்ணாச்சி அந்த மரத்தைக் காட்கோபரில் மசாலா மில் வைத்திருந்த ஒரு அக்காவுக்குக் காட்டினார். அண்ணாச்சியைப் போலவே அந்த அக்காவும் திருநெல்வேலிப் பக்கம்தான். கணவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அண்ணாச்சி முதலில் அவர் மில்லுக்குப் போய், மூட்டைக்குள் கையை விட்டு, ராம்பத்ரி என்று அங்கே சொல்கிற, காட்டு ஜாதிக்காயின் சிவந்த பத்திரியை எடுத்து மோந்து பார்த்திருக்கிறார். "இது காய்க்க மரம் எப்படி இருக்கும்னு பாத்திருக்கீயளா தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறார். அக்கா பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

மரத்தின் முன்னால் நிறுத்தி அண்ணாச்சி சொன்னதை நானே கேட்டேன். "உங்க வீட்டுக்காரரு எங்கயும் போகல. இந்தா, இப்படி மரமா நிக்காவ."

அக்கா மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு மாதத்துக்குள் எங்களுக்கு நிழல்வலைக் கூடம் எழுந்தது. இரண்டு மாலிகளுக்கு, அதாவது தோட்டக்காரர்களுக்கு, மாதச் சம்பளத்துக்கு வழி பிறந்தது. நான் கடிதம் எழுதிக் கனவு கண்டதெல்லாம் அதுதான்.

"அண்ணாச்சி, அது பொம்பளை மரம்," என்றேன், அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கார் போன பிறகு.

"தெரியும். நீதான போர்டுல எழுதி வச்சிருக்க."

"பிறகு?"

"ஆம்பளை மரம் ரெண்டும் தண்ணி டேங்க் பக்கம் ஓரமா, சோப்ளாங்கியா நிக்கி. அதைக் காட்டுனா யாரு குடுப்பா? டென்ஷன் ஆகாத. மரத்துக்கு என்ன வேட்டியா கட்டியிருக்கு, கண்டுபிடிக்க?"

அடுத்த அமாவாசைக்கு அக்கா வந்து மரத்துக்கு வேட்டி கட்டினார். ஜரிகைக் கரை போட்ட எட்டு முழ வேட்டி. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார்.

முதலில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் ஊற்றினார்கள். அடுத்த மாதம் ஒரு கரண்டிப் பால் சேர்ந்தது. அதற்கடுத்த மாதம் ஒரு தூக்குவாளிப் பால், மஞ்சள் தண்ணீர், அடியில் விளக்கு. அதோடு நின்றிருந்தால்கூட சமாளித்திருப்போம். நாலாவது மாதம் அக்காவின் டிரைவர், ஐயா போட்டோவை மாட்ட வேண்டும் என்று மரத்தில் ஆணி அடித்தான்.

"கூன், மேடம், கூன்!" என்று மாலி ஓடிவந்தான். ரத்தம் என்கிறான்.

ஆணி இறங்கின இடத்திலிருந்து சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. இந்த மரத்து இனமே அப்படித்தான், பட்டையைக் கீறினால் பால் சிவப்பாக வரும். போன இடமெல்லாம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன், போர்டில்கூட இருக்கிறது. யார் போர்டைப் படிக்கிறார்கள்? அக்கா அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். கூட வந்த ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. மறு வெள்ளிக்கிழமை முப்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி வாசலில் எலுமிச்சம்பழம் விற்க ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். குங்குமம், கற்பூரம், பால், பன்னீர். ஊற்றாத பொருளில்லை.

என்ன பாவம் செய்ததோ அந்த மரம். மண் மேலே புளித்த தயிர்போல ஒரு தோல் கட்டி, ஈ மொய்த்தது. கற்பூரச் சூட்டில் ஒரு பக்கத்துப் பட்டை கருகியது. இலை நுனிகள் காய்ந்தன. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், பிடித்திருந்த பிஞ்சுகள் கீழே கொட்டிக் கிடந்தன. என் இரண்டு கையும் நிறைய அள்ளினேன். அள்ளிக்கொண்டு போய் அண்ணாச்சியின் மடியில் போட்டேன்.

"இன்னும் ரெண்டு அமாவாசை தாங்காது. நீங்கதான சொன்னீங்க, புருசன்னு? நீங்களே போய்ச் சொல்லுங்க. பால் கூடாது, விளக்கு கூடாது, யாரும் கிட்ட போகக் கூடாது."

"நீ சொல்லேம்மா. படிச்ச பிள்ள."

"நான் சொன்னா விரட்டுவேன். அப்புறம் அந்த அக்கா வலையைக் கழட்டிட்டுப் போயிருவாங்க, மாலிங்களுக்குச் சம்பளம் நிக்கும். அது வேணுமா?"

அவர் பிஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். வேலையில் இருந்த காலத்தில், குர்லாவில் ஒரு ஆளை டிக்கெட் இல்லையென்று இறக்கியிருக்கிறார். கையில் டிபன் டப்பா. ஆஸ்பத்திரியில் மகள் இருக்கிறாள், அவசரத்தில் எடுக்கவில்லை, விடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். கூடாது என்று சொல்லி, ஆபீஸில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார். மறுநாள் அந்த ஆள் தானாகத் தேடிக்கொண்டு வந்தானாம்.

"சண்டை போட வாரான்னு நெனச்சேன். 'நேத்து லேட் ஆயிருச்சு சார்'னான். அவ்வளவுதான்மா. வேற ஒரு வார்த்தை பேசல. போயிட்டான். அதுக்கப்புறமும் எட்டு வருசம் சர்வீஸ் இருந்துச்சு, கூடாது, எறங்குன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். அந்தக் கோட்டைக் கழட்டுன அன்னைக்கு முடிவு பண்ணினேன். இனிமே ஒருத்தன்கிட்டயும் கூடாதுன்னு சொல்ல மாட்டேன்னு."

 ஒட்டகச்சிவிங்கிக்காக அவரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பிஞ்சுகள் அவர் மடியில்தான் கிடந்தன. நான் அவற்றை எடுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஆடி அமாவாசை வந்தது. காலை எட்டு மணிக்கே புழுக்கம். இரண்டு கேன் பாலோடு அக்காவின் வண்டி வரும் என்று எனக்குத் தெரியும். என்ன ஆனாலும் சரி, நானே மறித்துவிடுகிறேன் என்று வாசலுக்குப் போனேன். ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். மார்பில் பித்தளை பேட்ஜ் குத்தியிருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. வயிற்றில் பித்தான் எட்டவில்லை. கழுத்திலிருந்து வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது.

வண்டி நின்றது. அக்கா தூக்குவாளியோடு இறங்கினார். பின்னாலேயே சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

"என்ன அண்ணாச்சி, வேசம் கட்டி நிக்கீய?"

அண்ணாச்சி கையை நீட்டினார். "காட்டுங்க."

அந்தக் கைக்கு எதிரே யாரால் நிற்க முடியும்? அக்கா என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தூக்குவாளியை நீட்டினார். அண்ணாச்சி அதை வாங்கித் தன் பின்னால் வைத்தார்.

"பாலு உள்ள போகக் கூடாது."

"எது?"

"கூடாது தங்கச்சி."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "எங்க அவியளுக்கு நான் பாலு ஊத்தக் கூடாதா? யாரு சொன்னா? இந்தப் பிள்ளையா?" என்று என்னைப் பார்த்தார்.

"நான்தான் சொல்லுதேன். அது உங்க அவிய இல்ல. நான் பொய் சொன்னேன். அது பொம்பளை மரம்."

சொந்தக்காரர்களில் ஒருவர் "அரே" என்றார்.  அக்கா தூரத்தில் தெரிந்த மரத்தைப் பார்த்தார். அதன் இடுப்பில் ஜரிகை வேட்டி வெயிலில் மின்னியது.

"பொம்பளையா?"

"பொம்பளைதான். அதும் மாசமா இருக்க பொம்பளை. காய் பிடிச்சிருந்துச்சு. நாம ஊத்துன பாலுல, வச்ச சூட்டுல எல்லாம் கொட்டிட்டு. இன்னும் கொஞ்சம்தான் ஒட்டிக்கிட்டு கெடக்கு. அந்த ஆணி அடிச்ச எடத்துல வந்தது சாமி இல்ல தாயி, காயம். இப்படியே விட்டா செத்துரும். அது செத்துட்டா இங்க அந்த வம்சம் கெடையாது." அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. "நீங்க குடுத்ததைத் திருப்பிக் கேட்டீயன்னா, வலையை இன்னைக்கே கழட்டித் தாரேன். ஆனா பாலு கூடாது."

அக்கா கோபத்தில் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. சின்னக் குரலில், வழி தவறிய ஆள் கேட்பதுபோல, "அப்ப எங்க அவிய எங்க?" என்று கேட்டார்.

எதற்கும் பதில் வைத்திருக்கிற அண்ணாச்சி முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. சாமி, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை.

"வாங்கக்கா," என்று கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மதிலை ஒட்டி, ஆண் மரம் ஒன்று ஒடுங்கி நின்றது. "இதுதான் அதுக்குச் சோடி."

"இவிய காய்க்க மாட்டாவளோ?"

"மாட்டாரு. பூப்பாரு, உதிர்ந்துரும். ஆனா இவர் இல்லன்னா அந்த மரம் காய்க்காது."

அக்கா அதை மேலும் கீழும் பார்த்தார். அதன் மெலிந்த தண்டை, மதிலில் உரசிக்கொண்டிருந்த கிளையை, பக்கத்துக் குழாயை எல்லாம் பார்த்தார். பிறகு அவர் உதடு கோணியது.

"கல்யாண வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் தண்ணித் தொட்டி பக்கம் போயி நிப்பாவ," என்றார். "ஒரு ஆளுகிட்ட பேச மாட்டாவ. சாப்பாடு ஆச்சான்னு நான்தான் போய்த் தேடணும்." சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

"இவியளுக்காவது ஒரு சொட்டு..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"கூடாது," என்றார் பின்னாலேயே வந்து நின்ற அண்ணாச்சி. இந்த முறை கொஞ்சம் சுலபமாக வந்தது.

"சரி விடுங்க. அவியளுக்குப் பாலே ஆகாது. கடுங்காப்பிதான் குடிப்பாவ."

அக்காவே போய்ப் பெண் மரத்தின் வேட்டியை அவிழ்த்தார். டிரைவரை விட்டு ஆணியைப் பிடுங்க வைத்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை அவரே இரண்டு வாரம் வாசலில் நின்று திருப்பி அனுப்பினார். "புள்ளத்தாச்சி மரம், கிட்ட போகாதீய" என்று அவர் போட்ட அதட்டலில் எலுமிச்சம்பழக்காரி கடையைச் சுருட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு அந்த இரண்டு கேன் பாலிலும் மாலிகள் டீ போட்டார்கள். தோட்டம் முழுக்க டீ. அண்ணாச்சி கோட்டைக் கழற்றி ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். டீக்குக் கையை நீட்டினார்.

கெட்டுப்போன மேல்மண்ணை அள்ளிவிட்டு, இலைச்சருகு போட்டு, வேருக்குக் காற்று விட்டோம். ஒட்டியிருந்த கொஞ்சம் பிஞ்சும் உதிர்ந்துவிட்டது. அந்த வருடம் எங்களுக்கு ஒரு விதைகூட கிடைக்கவில்லை. கொங்கண்காரர்களிடம் போய், மரத்துக்குப் பால் ஊற்றிவிட்டார்கள் என்று நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? பாதியைத்தான் சொன்னேன். மறு வருடம் கருகின பக்கத்துப் பட்டை ஓரத்தில் புதுத்தோல் மூடியது. அதற்கடுத்த வருடம் காய்த்தது.

பழம் வெடிக்கிற வாரம் அண்ணாச்சி மரத்தடியை விட்டு நகரவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, அணில் வந்தால் சூ சூ என்றார். முதல் பழம் வாய் பிளந்து உள்ளே சிவப்புப் பத்திரி தெரிந்தபோது, எழுந்து மரத்துக்கு முன்னால் நின்று கையை நீட்டினார். "காட்டு," என்றார். அன்றைக்கு ஒன்றும் விழவில்லை. மறுநாள் விழுந்தது. நானும் அவரும் மாலிகளும் அக்காவும் சேர்ந்து நீல டிரம்களில் நட்டோம். பத்திரியை உரித்து அக்காவிடம் கொடுத்தோம். மசாலாவுக்குப் போடவில்லை, பூஜை அறையில் வைத்துக்கொண்டார்.

போன கோடையில் அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டார். கொங்கணுக்கு முதல் லாரி நாற்று போனதை அவர் பார்த்துவிட்டார், அது எனக்கு ஆறுதல். ஏற்றும்போது ஒவ்வொரு நாற்றின் கழுத்திலும் கட்டியிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சரியா இருக்கு, போலாம்" என்று அனுப்பினார்.

பதினாறு நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா போன் செய்தார்.

"அண்ணாச்சிக்கு ஒரு மரம் வேணும்மா. எந்த மரத்தைக் குடுக்க?"

"மரம் கிடையாதுக்கா. இப்ப யாருக்கும் மரம் கொடுக்கறதில்ல."

"அப்ப வாசல்ல ஒரு சிலை வச்சிருவமா? கையை நீட்டிக்கிட்டு நிக்க மாதிரி?"

"கூடாது. ஏற்கெனவே ஒட்டகச்சிவிங்கி நிக்குது."

அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கேட்டது.  நாற்றுக் கூடத்தைப் பார்த்தேன். அந்த வருட விதைகள் முளைத்து, இரட்டை இலை விட்டு நின்றன. கோடையில் மாலிகள் வாளியில்தான் தண்ணீர் சுமந்தார்கள்.

"அக்கா, உங்க மில்லுல பழைய தண்ணி மோட்டார் ஒண்ணு சும்மா கிடக்குல்ல?"

"கெடக்கு."

"அதைக் கொடுங்க. அதோட நூறு அடி குழாய். திங்கக்கிழமை வந்தா போதும்."

 "ஏட்டி, நீ எப்பம்டி இப்படிக் கேக்கப் படிச்ச?" என்றார் அக்கா.

அப்போதுதான் கவனித்தேன். இடது கையில் போன் இருந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. எதிரே வாளியோடு வந்த மாலி நின்று, சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தான்.